‘இல்லை’ சொல்ல ஒரு ஆள் தேவை

போன சனிக்கிழமை பின்னேரம் எங்கள் வீட்டு ஹோலில் நாலு பேர் ஒரு போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். ஒரே ஒரு பட்டனை அமர்த்த வேண்டும். ஒருவருக்கும் கை வரவில்லை.

அப்படி என்ன பட்டன்? ரொக்கெட் விடுகிறோமா? இல்லை ஐயா... ஒரு குறுக்கெழுத்து ஆப்.

ரிசானா எங்கள் திருகோணமலைக்குப் பக்கத்துக் கிண்ணியாப் பிள்ளை. கொழும்பில் ஒரு சொப்ட்வெயார் கம்பனியில் வேலை. கணவர் மூதூரில் ஆசிரியர். வெள்ளி இரவு பஸ்ஸில் ஊருக்கு வந்து, ஞாயிறு இரவு பஸ்ஸில் திரும்பிப் போவதுதான் அவளுடைய குடும்ப வாழ்க்கை. ‘இந்த அலைச்சல் போதும்’ என்று ஒரு நாள் சம்பளமில்லா லீவு போட்டுவிட்டு வந்து, தமிழ்க் குறுக்கெழுத்து ஆப் ஒன்றைச் செய்யத் தொடங்கினாள். கட்டங்கள் அவளுடையவை. குறிப்புகள் என்னுடையவை. எத்தனையோ வருடமாகப் பத்தி எழுதி வாசகர்களைக் குழப்பிய அனுபவம் எனக்கு உண்டே!

லீவு முடிகிறது. ‘வருகிறீர்களா இல்லையா?’ என்று கம்பனி மாதக் கடைசிக்குள் பதில் கேட்கிறது. ரிசானா தனக்குத்தானே ஒரு கணக்கு வைத்திருந்தாள்.

“சொந்தக்காரர் ஆயிரம் பேர் வாங்கினாலும் எனக்கு நம்பிக்கை வராது அக்கா. முன்ன பின்ன தெரியாத ஒரேயொரு ஆள் வாங்கினாப் போதும். நான் இஞ்சயே இருந்திருவன்.”

வாங்குவது எப்படி? முதல் பத்துப் புதிர்கள் இலவசம். அதற்கு மேல் வேண்டுமென்றால் ஆப்புக்குள்ளேயே காசு கட்டி அடுத்த புதிர்க் கட்டைத் திறக்க வேண்டும். இந்த ‘உள்ளே வாங்கும்’ ஏற்பாட்டைச் செய்வது லேசு என்று நினைத்தேன். ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு பெயர், ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு விலை, வங்கி விபரம், வரி விபரம்... ஆப் செய்ததை விட இதற்குத்தான் பிள்ளை அதிகம் அலைந்தாள். கடை கட்டுவது சுகம், கல்லாப்பெட்டி வைப்பதுதான் கஷ்டம் போலிருக்கிறது.

எல்லாம் முடிந்து டெஸ்ட் பண்ணும் கட்டம் வந்தது. இதற்குச் சில பேரைப் பரிசோதகர்களாகப் பதிய வேண்டும். அவர்கள் வாங்கினால் உண்மையான காசு போகாது. ஆப் கடைக்காரர்களே விளையாட்டுக் கார்ட்டுகள் தருவார்கள். ஒன்று, எப்போதும் ‘சரி’ சொல்லும். ஒன்று, உடனே ‘இல்லை’ சொல்லும். இன்னொன்று, கொஞ்ச நேரம் காக்க வைத்துவிட்டுப் பிறகு ‘இல்லை’ சொல்லும்.

பரிசோதகர்கள் யார்? நான், என் கணவர், அடுத்த வீதி ரெஜினா ரீச்சர். ரீச்சருக்கு ரிசானா அழைப்பு லிங்க் அனுப்பினாள். அவ அதை மோசடி என்று நினைத்து, ‘இந்த லிங்க்கை ஒருவரும் தொட வேண்டாம்’ என்று தங்கள் தேவாலயப் பங்கு வாட்ஸ்அப் குழுவில் எச்சரிக்கை போட்டுவிட்டா. அதைத் தீர்த்து வைக்கவே ஒரு முழு நாள் போனது.

பிறகு எல்லோரும் உற்சாகமாக வாங்கினோம். வாங்கினோம், வாங்கிக்கொண்டே இருந்தோம். சனிக்கிழமை ரிசானா லப்டொப்பைத் திறந்து பார்த்தாள். முகம் சுருங்கியது.

“என்ன பிள்ளை, பிழையோ?” என்றார் என் கணவர்.

“பிழையே இல்லை அங்கிள். அதான் பிரச்சினை. எல்லாரும் ‘சரி’ கார்ட்டையே அமத்தியிருக்கிறீங்க. ‘இல்லை’ கார்ட்டை ஒருத்தரும் தொடேல்லையே!”

என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்குக் கடைத்தெருவில் கொப்பி, பென்சில் விற்கும் கடை. காலையில் வருகிற முதல் ஆளை அவர் வெறுங்கையோடு அனுப்பியதே கிடையாது. கேட்ட சாமான் இல்லாவிட்டால் ஒரு அழிறப்பரையாவது, வந்த விலைக்கும் குறைத்து, கையில் கொடுத்துத்தான் விடுவார்.

“என்ன கதை பிள்ளை இது? கடை இன்னும் திறக்கேல்லை. திறக்க முதலே ‘இல்லை’ எண்டு அமத்தச் சொல்லுறீர்! என்னால ஏலாது.”

“ஓம், எனக்கும் மனசு வரேல்லை. நல்ல காரியமெல்லோ...” என்றா ரெஜினா ரீச்சர்.

கணவர் என் பக்கம் திரும்பினார். “நீர்தானே பேப்பரில மூட நம்பிக்கைக்கு எதிரா எழுதுறனீர். நீர் அமத்தும்.”

போனை எடுத்தேன். விரலைக் கொண்டு போனேன். என்ன மாயமோ தெரியவில்லை, விரல் ‘சரி’யில் போய் நின்றது! ஊருக்கு உபதேசம் எழுதுகிற விரல் அது.

கடைசியில் ரிசானாவிடமே கொடுத்தோம். கம்ப்யூட்டர் படித்த பிள்ளை, அவளுக்கென்ன? வாங்கிப் பார்த்தாள், திருப்பி மேசையில் வைத்தாள்.

“என்ட ஆப் அக்கா... எனக்கும் ஏலாம இருக்கு.”

அந்த நேரம் பார்த்துத்தான் ரீச்சரைக் கூட்டிப்போக அவவின் கணவர் மரியதாஸ் அண்ணர் வந்தார். எங்கள் ஊரில் மாடு போல மானும் வீதியில் திரியும்; கேற்றடியில் நின்று வாழைத்தோல் தின்றுகொண்டிருந்த ஒரு மானை விலக்கிவிட்டு உள்ளே வந்தார். பென்ஷன்காரர். வேலை செய்த காலம் முழுக்க ஒரு வங்கியில் கடன் பகுதி அதிகாரி. திருகோணமலையில் அவரிடம் ‘இல்லை’ வாங்காத வியாபாரி குறைவு. என் கணவரும் வாங்கியிருக்கிறார். நாங்கள் நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

விஷயத்தைச் சொன்னோம். அவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டு மூன்று கார்ட்டுகளையும் ஆற அமர வாசித்தார்.

“இது என்ன, காக்க வைச்சுப் பிறகு இல்லையெண்டுறதோ? ஆ... இதுதான் எங்கட முறை!”

அமர்த்தினார். முகத்தில் ஒரு பழைய களை வந்தது.

போனில் ‘காத்திருக்கவும்’ என்று வந்தது. அடுத்த கணம் புதிர்கள் எல்லாம் மளமளவென்று திறந்துகொண்டன. கொஞ்ச நேரத்தில் ‘பணம் கிடைக்கவில்லை’ என்றும் வந்தது. ஆனால் திறந்த புதிர்கள் திறந்தபடியே கிடந்தன!

ரிசானா வாயில் கை வைத்துக்கொண்டாள். காசு வரும் என்று சொன்னதையே காசு வந்ததாக எடுத்துக்கொண்டு ஆப் கதவைத் திறந்துவிட்டிருக்கிறது. இப்படியே வெளியிட்டிருந்தால்? காசு வராத கார்ட்டுக்கும் புதிர்க் கட்டு போயிருக்கும். ஒரு கிழமையில் ஊர் முழுக்கத் தெரிந்திருக்கும். பிள்ளை மறுபடியும் அந்த இரவு பஸ்ஸில்தான் ஏறியிருப்பாள்.

“நல்ல வேளை அங்கிள், நீங்க வந்தீங்க” என்றாள். கண் கலங்கிவிட்டது.

அங்கேயே இருந்து திருத்தினாள். மரியதாஸ் அண்ணர் ரீயைக் குடித்துக்கொண்டே திரும்பத் திரும்ப ‘இல்லை’ சொன்னார். இப்போது கதவு திறக்கவில்லை. அதற்குப் பதிலாக ‘கட்டணம் தோல்வியடைந்தது’ என்று சிவப்பு எழுத்தில் வந்தது. என் கணவருக்கு அது பொறுக்கவில்லை.

“தோல்வியோ? வாசலுக்கு வந்த ஆளுக்குச் சொல்லுற சொல்லே இது? ‘இப்ப இல்லை, போயிட்டு வாங்கோ’ எண்டுதான் நான் சொல்லுவன்.”

எழுத்து வேலை என்னுடையது. மாற்றி எழுதினேன்: ‘இந்த முறை சரிவரவில்லை. பரவாயில்லை, போயிட்டு வாங்கோ. கட்டங்கள் உங்களுக்காக இங்கேயே இருக்கும்.’

புதன்கிழமை ஆப் வெளியானது. சொந்தக்காரர்கள் வாங்கினார்கள். அது கணக்கில் இல்லை. வியாழன் காலை ரிசானாவின் திரையில் பெயர் தெரியாத ஒரு ஆள் தட்டுப்பட்டார். பத்துப் புதிரையும் முடித்திருந்தார். வாங்கும் பட்டனை அமர்த்தினார். கார்ட் மறுத்துவிட்டது.

“நான் சொன்னனான், நீங்கள் கேட்டால்தானே!” என்று என் கணவர் பெருமூச்சு விட்டார். எனக்கும் அன்று சமையலில் மனம் போகவில்லை.

பின்னேரம் கிண்ணியாவிலிருந்து போன் வந்தது. “அக்கா! அந்த ஆள் திரும்பி வந்து வாங்கிட்டாங்க! கம்பனிக்கு இப்பத்தான் மெயில் அனுப்பினன், நான் வரல்லையெண்டு.” பிறகு அவள் சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை. நான் இரண்டும் செய்தேன்.

யோசித்துப் பாருங்கள். கல்யாணமா, கடையா, புத்தகமா... எது தொடங்கினாலும் ‘நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு’ என்று சொல்ல ஊரே வரும். முகத்துக்கு நேரே ‘இல்லை’ சொல்லிப் பார்க்கத்தான் ஆள் கிடைப்பதில்லை. அப்படி ஒருவர் உங்கள் வீதியில் இருந்தால் ரீ ஊற்றிக் கொடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மரியதாஸ் அண்ணருக்கு விஷயத்தைச் சொல்ல நானே போனேன். அவர் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை.

“நான் இல்லையெண்டு அனுப்பின ஆக்கள் எல்லாம் திரும்பி வந்தவைதானே, பிள்ளை!”