டோக்கன் அக்காவின் முதல் வரிசை

என் சித்தியை அவள் வேலை செய்யும் கண் ஆஸ்பத்திரியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பெரிய டாக்டர் முதல் தரை துடைப்பவர் வரை எல்லோருக்கும் அவள் டோக்கன் அக்கா. பத்தொன்பது வருடமாக ஒரே கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து டோக்கன் கொடுக்கிறாள், எண்ணைக் கூப்பிடுகிறாள். சுவரில் எண் காட்டும் பலகை ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டவர்களுக்கு அது மங்கலாகத் தெரியும். அதனால் ஒவ்வொரு எண்ணையும் சித்தி வாயால்தான் கூப்பிட வேண்டும். ஆள் நாலே முக்கால் அடி. குரல் மட்டும் கடைசி பெஞ்சைத் தாண்டி, வாசலில் வண்டி நிறுத்துபவருக்கும் கேட்கும்.

அந்த வேலையை அவள் ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வந்தால் பரவாயில்லை. சித்தி எங்களோடுதான் இருக்கிறாள். ரொட்டிக் கடையில் மூன்று பேர் நின்றால் போதும், "யாரு முதல்ல வந்தது? அப்ப நீங்க ரெண்டாவது. அவருக்குப் பின்னாடி வாங்க" என்று ஆரம்பித்துவிடுவாள். காலையில் அவசரமாகக் குளியலறைக் கதவைத் தட்டினால், சமையலறையில் இருந்தே குரல் வரும். "அப்பா ரெண்டு, நீ மூணு. போய் உட்காரு."

நான் பள்ளி முடித்து எட்டு மாதம் ஆகிறது. மேற்கொண்டு என்ன செய்வது என்று இன்னும் முடிவாகவில்லை. அதனால் வீட்டில் யாருக்கு என்ன வேலை வந்தாலும், "நீ சும்மாதானே இருக்கே" என்று என் தலையில் விழும். இந்தப் பாப் கச்சேரியும் அப்படித்தான் விழுந்தது.

சித்திக்கு இருக்கும் ஒரே பைத்தியம் ஒரு பாப் பாடகி. இருபது வயதில் இருந்து அவள் பாட்டுகளைக் கேட்கிறாள். அவளுடைய கச்சேரிகளுக்கு மூன்று முறை போயிருக்கிறாள். ஒரு முறைகூட முகத்தைப் பார்த்ததில்லை. "முதுகுதான் பார்த்திருக்கேன். விதவிதமான முதுகு" என்பாள். மூன்றாவது முறை, நாலு வருடத்துக்கு முன்னால், எப்படியாவது பார்த்துவிட வேண்டும் என்று கூட்டத்தின் நடுவில் புகுந்து முன்னேறினாள். பின்னால் இருந்து ஒரே தள்ளு. கால் இரண்டும் தரையை விட்டு எழும்பிவிட்டன. மூச்சு விட நெஞ்சை விரிக்கவே இடமில்லை. யாரோ இரண்டு பேர் தலைக்கு மேலே தூக்கி முன்னால் கடத்திவிட்டதில் பிழைத்தாள். முதலுதவிக் கூடாரத்தில் படுத்தபடி மீதிக் கச்சேரியைக் கேட்டுவிட்டு வந்தாள். விலா எலும்பில் இரண்டு வாரம் வலி.

இந்த வருடம் அந்தப் பாடகி, இதுதான் தன் கடைசிச் சுற்றுப்பயணம், இனி மேடையேறப் போவதில்லை என்று அறிவித்தாள். சித்தி அன்றே டிக்கெட் வாங்கிவிட்டாள். முன்னால் நின்று பார்க்கும் பகுதிக்கு.

அம்மா பிடித்துக்கொண்டாள். "போன தடவை பிழைச்சு வந்தது போதாதாடி உனக்கு?"

"அக்கா, போன தடவை நடுவுல நின்னேன். இந்தத் தடவை முதல் வரிசை. கம்பியைப் பிடிச்சுட்டு நிப்பேன். இடது ஓரம். வெளியே போற வழி அந்தப் பக்கம்தான் இருக்கு. எல்லாம் பார்த்து வெச்சிருக்கேன்."

"தனியாப் போகக் கூடாது."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அந்தப் பாடகியின் பாட்டு ஒன்றுகூட முழுசாகத் தெரியாது என்று சொன்னேன். அதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு வாரம் வீட்டில் பயிற்சி நடந்தது. அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் என்னை நிறுத்தி, அம்மாவை இரண்டு தலையணையோடு தள்ளச் சொன்னாள் சித்தி. "கையை மடிச்சு நெஞ்சுக்கு முன்னாடி வை. பெட்டி மாதிரி. அதுதான் உனக்கு மூச்சு விட இடம். எதிர்த்துத் தள்ளாதே, தள்ளினா பதிலுக்குத் தள்ளுவாங்க. சாய்வா நகரு. கீழே போன் விழுந்தாலும் குனியாதே." அம்மா தள்ளிக்கொண்டே, "எனக்கு அடுப்புல வேலை இருக்கு" என்றாள். முன்பக்கம் மூடிய செருப்பு, கொண்டை போட்ட முடி, தோளில் தொங்காத சின்னப் பை, ஆளுக்கொரு தண்ணீர்ப் பாட்டில். எல்லாவற்றையும் சித்தி தாளில் எழுதி என்னிடம் கையெழுத்து வேறு வாங்கினாள்.

அந்தச் சனிக்கிழமை காலை ஆறரை மணிக்கே மைதானத்தின் இரண்டாவது வாசலில் போய் நின்றோம். கதவு திறப்பது மாலை நாலு மணிக்கு. எங்களுக்கு முன்னால் யாரும் இல்லை. சித்தி முதல் ஆள், நான் இரண்டாவது. வாழ்க்கையில் முதல் முறையாக எல்லாம் சரியாக நடக்கிறது என்று நினைத்தேன்.

ஏழரைக்குள் இருபது பேர் சேர்ந்தார்கள். ஒழுங்காக நிற்காமல் சிலர் புல்லில் உட்கார்ந்தார்கள், சிலர் டீ குடிக்கப் போனார்கள். சித்தியின் கால் பரபரப்பதைப் பார்த்தேன்.

"சித்தி, வேண்டாம்."

"என்ன வேண்டாம்? நான் ஒண்ணும் பண்ணலையே."

பையில் இருந்து கறுப்பு மார்க்கர் பேனா வெளியே வந்தது. தன் புறங்கையில் ஒன்று என்று எழுதிக்கொண்டாள். என் கையில் இரண்டு. பிறகு ஒவ்வொருவராகப் போய், "இது உங்க நம்பர். சாப்பிடப் போகலாம், பாத்ரூம் போகலாம், இடம் போகாது. மூணரைக்கு எல்லாரும் வந்து நில்லுங்க" என்று சொல்லிக்கொண்டே போனாள். மூன்றாம் எண் வாங்கியவன் விளக்குக் கம்பம் மாதிரி உயரமான பையன். "நீங்க மைதானத்து ஆளா அக்கா?" என்று கேட்டான்.

"இல்லப்பா, கண் ஆஸ்பத்திரி."

அவன் கையை நீட்டியபடியே என்னைப் பார்த்தான். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

மதியத்துக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு எண்கள். மார்க்கர் தீர்ந்து, யாரோ ஒருத்தி உதட்டுச் சாயம் கொடுத்தாள். அதற்குப் பிறகு வந்தவர்களுக்கெல்லாம் சிவப்பு எண்கள். நான் வெயிலில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, முதலில் வந்தும் ஒரு நிமிடம் உட்காராத ஒரே ஆள் என் சித்திதான் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

நாலு மணிக்குக் கதவு திறந்தது. நுழைவதற்கு நாலு கம்பிப் பாதைகள். டிக்கெட் பார்க்கும் கருவி மூன்றில் வேலை செய்யவில்லை. ஒரு பாதையை மட்டும் திறந்தார்கள். வண்டி நிறுத்தும் பக்கத்தில் இருந்து எண் எதுவும் இல்லாத இன்னொரு கூட்டம் ஓடி வந்து பக்கவாட்டில் நெருக்கியது. மஞ்சள் சட்டை போட்ட காவலர் ஒருவர், "தள்ளாதீங்க, தள்ளாதீங்க" என்று கத்திக்கொண்டிருந்தார். அவர் கையில் இருந்த ஒலிபெருக்கி கரகரத்துவிட்டுச் செத்துப்போனது.

சித்தியின் டிக்கெட்டைப் பார்த்துவிட்டார்கள். என் டிக்கெட்டையும் பார்த்துவிட்டார்கள். நாங்கள் உள்ளே. எதிரே காலி மைதானம், தூரத்தில் மேடை, அதற்கு முன்னால் தடுப்புக் கம்பி. நடந்தால் போதும்.

சித்தி திரும்பிப் பார்த்தாள். ஒரு பெண்ணின் கை கம்பிக்கும் கூட்டத்துக்கும் நடுவில் மாட்டியிருந்தது. மஞ்சள் சட்டைக்காரர் சித்தியின் குரலைக் காலையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தவர். "அம்மா, கொஞ்சம் இருங்களேன், நீங்க சொன்னா கேக்கறாங்க" என்றார்.

"இவர் வேலையை இவர் பார்க்கட்டும், நீ வா" என்று கையைப் பிடித்தேன்.

"நீ போ. இடது ஓரம். எனக்கும் சேர்த்து இடம் பிடி. ரெண்டு நிமிஷம்."

ஆஸ்பத்திரியில் இரண்டு நிமிடம் என்றால் என்ன அர்த்தம் என்று கண் காட்டப் போன எல்லோருக்கும் தெரியும். நான் போய் இடது ஓரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் வாசலில் இருந்து அவள் குரல் மைதானம் முழுவதும் வந்தது. "பின்னாடி இருக்கறவங்க ரெண்டு அடி பின்னால போங்க. போனாத்தான் கூப்பிடுவேன். மூணு, வாங்க. நாலு, வாங்க. நம்பர் இல்லாதவங்க அந்தச் சுவரோரம் நில்லுங்க, உங்களுக்கும் தரேன்."

நம்பர் இல்லாதவர்களுக்கும் தரப்போகிறாளாம். கம்பியில் தலையை முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

விளக்குக் கம்பம் வந்து என் பக்கத்தில் நின்றான். நடுவில் ஓர் ஆள் இடம் விட்டிருந்தேன்.

"இது யாருக்கு?"

"ஒண்ணாம் நம்பருக்கு."

அவன் தன் கையில் இருந்த மூன்றைப் பார்த்தான். "அப்ப சரி" என்று ஒரு காலை எடுத்து அந்த இடத்தில் வைத்துக்கொண்டான். பின்னால் வந்தவர்கள் அவ்வளவு நல்லவர்கள் இல்லை. "ஆளே இல்லாத இடத்துக்கு என்னம்மா காவல்?" என்று ஒருத்தி என் தோளுக்கு மேலேயே கேட்டாள். நான் இரண்டு கைகளையும் பெட்டி மாதிரி மடித்து வைத்துக்கொண்டு, அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் நின்ற மாதிரி நின்றேன். தூரத்தில் நாற்பத்தேழு. எழுபது. நூற்றுப் பதினெட்டு. மாட்டியிருந்த பெண் கையைத் தடவியபடி உள்ளே வந்தாள். யாரும் ஓடவில்லை, யாரும் விழவில்லை. எனக்கு எரிச்சல் மட்டும் ஏறிக்கொண்டே போனது.

ஆறு மணிக்குக் கச்சேரி. ஐந்தே முக்காலுக்கு எண்கள் நின்றன. போன் செய்தேன்.

"எங்க இருக்க?"

"கடைசில. பெரிய ஒலிப்பெட்டிக்குப் பக்கத்துல. இங்க நல்லா கேக்குதுடி."

"கேக்கறதுக்கா வந்த? வீட்டுலயே கேக்கலாமே. வா இங்க. இடம் வெச்சிருக்கேன்."

"எப்படி வர்றது? எல்லாரையும் அனுப்பிட்டுக் கடைசியா வந்தவ நான். இத்தனை பேரைத் தாண்டிட்டு வரச் சொல்றியா? காலைல இருந்து வரிசை வரிசைன்னு கத்தினது யாரு?"

எனக்குக் கோபத்தில் கண்ணே கலங்கியது. பதினொரு மணி நேரம் நின்று, பாட்டே தெரியாத நான் முதல் வரிசையில், இருபது வருடமாகக் காத்திருந்தவள் முதுகுகளுக்குப் பின்னால். அப்போதுதான் அவள் ஜன்னலில் நடக்கும் ஒன்று ஞாபகம் வந்தது.

"சித்தி, டோக்கன் கூப்பிட்டப்புறம் ஒருத்தரைக் கண்ணுக்குச் சொட்டு போட அனுப்பறீங்க. திரும்பி வந்தா புது டோக்கனா குடுப்ப?"

"எதுக்குப் புதுசு? நாம அனுப்பினது. பழைய நம்பர்தான். நேரா உள்ள போகலாம்."

"அப்ப உன் நம்பர் என்ன?"

"என்னை யாரும் அனுப்பலையே. நானாத்தான் நின்னேன்."

"அந்த மஞ்சள் சட்டைக்காரர் இருங்கன்னு கேட்டாரா இல்லையா?"

"கேட்டாரு" என்றாள். அதற்குள் விளக்குகள் அணைந்தன, பத்தாயிரம் பேர் ஒன்றாகக் கத்தினார்கள், போன் துண்டிக்கப்பட்டது.

முதல் பாட்டு ஆரம்பித்தது. பின்னால் இருந்து ஒரு பெரிய அலை வந்து என்னைக் கம்பியோடு வைத்து அழுத்தியது. சாய்வாக நகர்ந்தேன். மூச்சு வந்தது. உடனே இன்னொன்று உறைத்தது. இந்தத் தள்ளுக்கு நடுவில், நாலே முக்கால் அடி சித்தியை வா வா என்று கூப்பிட்டது நான்தான். போன தடவை நடுவில் புகுந்து வந்துதான் அவள் கால் தரையை விட்டு எழும்பியது. திரும்பத் திரும்பப் போன் செய்தேன். எடுக்கவில்லை. இரண்டாவது பாட்டு போய்க்கொண்டிருந்தது. நான் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா எங்க?" என்றான் விளக்குக் கம்பம்.

"நீ உயரமா இருக்கியே, நீயே பாரு."

அவன் எம்பிப் பார்த்தான். "இடது ஓரமா ஒரு பள்ளம் வருது" என்றான்.

பள்ளம்தான். தலைகளுக்கு நடுவில் ஒரு பள்ளம், கயிறு கட்டிய ஓரத்தை ஒட்டி, மெல்ல எங்களை நோக்கி நகர்ந்து வந்தது. ஒவ்வொரு வரிசையிலும் நின்றது. பக்கத்தில் வந்ததும்தான் குரல் கேட்டது. "நான் ஒண்ணு. வேலையா வெளியே நின்னுட்டேன். போகலாமா?" ஒவ்வொருவரிடமும் புறங்கையைக் காட்டி அனுமதி கேட்டுக்கொண்டு வந்தாள். கையில் எண் இருந்தவர்கள் வழி விட்டார்கள். ஒருவன் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான், திரும்பவே இல்லை. தட்டிக் கூப்பிடக் கூடாதா? சித்தி அவன் எடுத்து முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். மூன்றாவது பாட்டு முடிந்தே போனது.

வந்து சேர்ந்தபோது கொண்டை அவிழ்ந்து, சட்டை நனைந்து, முகம் சிவந்திருந்தது. விளக்குக் கம்பம் காலை எடுத்துக்கொண்டான். சித்தி கம்பியைப் பிடித்தாள். கம்பிக்கு மேலே அவள் கண் சரியாகத் தெரிந்தது.

"தண்ணி குடிச்சியா?" என்று என்னைக் கேட்டாள். அடுத்த நொடி பின்னால் திரும்பினாள். "யாரும்மா இடிக்கறது? ஒரு அடி பின்னாடி. நீங்க எத்தனாவது நம்பர்?"

அப்போது பாடகி பாடிக்கொண்டே மேடையின் இடது ஓரத்துக்கு வந்தாள். எங்களுக்கு நேர் எதிரே, பத்தடி தூரம்கூட இருக்காது. சித்தி பின்னால் நின்ற சிவப்பு எண்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் அவள் தாடையைப் பிடித்து மேடைப் பக்கம் திருப்பினேன். கொஞ்சம் பலமாகத்தான்.

சித்தி பார்த்தாள். அந்தப் பாட்டு முடியும்வரை கண்ணை எடுக்கவில்லை. பிறகு, "வயசாயிடுச்சுடி இவளுக்கும்" என்றாள்.

அதற்கப்புறம் பதினொரு பாட்டு. அவள் ஒரு முறைகூடத் திரும்பவில்லை. பின்னால் யார் இடித்தாலும், ஒரு அடி பின்னாடி போங்க என்று நான்தான் கத்த வேண்டியிருந்தது.