விடைப்பட்டியலில் விட்டுப்போன சுழியம்

மலேசியாவின் ஈப்போவில் ஒரு கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். இரண்டு எலெக்ட்ரான்களின் சுழற்சியைச் சேர்த்தால் விடை ஒன்று என்றும் வரும், சுழியம் என்றும் வரும். தேர்வுக்கான என் விடைப்பட்டியலில் சுழியத்தை எழுத மறந்துவிட்டேன். இரண்டையும் எழுதியிருந்த மாணவி கவிதாவுக்கு மதிப்பெண்ணை வெட்டினேன்.

பத்து காஜா ஊர்ப்பக்கம் பழைய ரப்பர் தோட்டத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் பெண் அவள். தாளை நீட்டினாள்.

“சார், ரெண்டும் சுத்திக்கிட்டுத்தான் இருக்கு. ஆனா எந்தப் பக்கமா அளந்தாலும் ஒண்ணுக்கு ஒண்ணு எதிரா நிக்கும். அதான் மொத்தத்துல ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கு.”

அதை இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன். மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்தேன்.

மாலையில் குனோங் ராப்பாட்டில் என் வீட்டு கேட்டைத் திறந்தபோது பக்கத்து வீட்டு அக்கா சிரித்தார்.

“உங்க வீட்டுல ஒரு சத்தமும் கேக்காது லா சார். கொடுத்து வச்சவங்க.”

உள்ளே போய் உட்கார்ந்தேன். சமையலறையிலிருந்து மனைவி கூடத்துக்கு வந்தாள். அவள் நிலைப்படியைத் தாண்டும்போதே நான் எழுந்து சமையலறைப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். எழ வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை. எத்தனை வருடமாக இப்படி நடக்கிறது?

திரும்பிப் பார்த்தேன். அவளும் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சுழியத்தை மறதியால்தான் விட்டேனா என்று இப்போது எனக்கே சந்தேகமாக இருக்கிறது.