தேனிலவுக்கு நான் சொன்ன மூன்று

1. மாலையில் காலிமுகத்திடல், கையில் இறால் வடை.
2. வெள்ளவத்தையில் தண்டவாளம் கடந்தால் கடல்.
3. நெற்றிப் பொட்டை அழிக்க வேண்டாம். தமிழர் என்று தெரியாதிருக்க அதை அழித்த கலவரக் காலம் போய்விட்டது.

தேனிலவுக்குக் கொழும்பு போன தம்பி மகளுக்கு, அங்கே வேலை பார்த்தவன் என்ற உரிமையில் சொன்னவை இவை. மூன்றாவதை மட்டும் நெடுநேரம் யோசித்துத்தான் சொன்னேன்.

இன்று நான் நயினாதீவுப் படகுக்கு நிற்கையில் தொலைபேசியில் அழைத்தாள்.

"பெரியப்பா, அறை பதிஞ்சுதான் போனனாங்கள். என்ர நெத்தியைப் பாத்திட்டு இடமில்லை எண்டிட்டினம்."

"பிறகு, பிள்ளை?"

"பொட்டை அழிச்சுப்போட்டு அடுத்த விடுதிக்குப் போனனாங்கள். இவர் சிங்களத்தில கேட்டவர். உடன கிடைச்சிட்டுது."

பின்னாலிருந்து மாப்பிள்ளையின் குரல்: "மாமா, இறால் வடையெண்டா திறம்!"

நான் சிரித்து வைத்தேன்.

மூன்றாவது பிழை, நண்பர்களே. அதைத் திருத்திச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உங்களில் யாருக்காவது வருமா?