மிட்டுவுக்கு எண்ணெய்க் குளியல்

"இன்னாம்மா, பஜ்ஜி மாவுல முக்கி எடுத்த மாரி கீது?"

ஆட்டோக்காரர் கண்ணாடி வழியாக என் மடியைப் பார்த்துக் கேட்டார். மடியில் துண்டு. துண்டுக்குள் மிட்டு. துண்டை இழுத்து மூடிக்கொண்டேன். தெரியாதவர்கள் பேசினால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும், இது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது கூச்சத்தால் இல்லை.

இது நடந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. நடுவில் இந்தப் பத்தியில் வடகம், வெயில், வாழைப்பூ என்று ஏதேதோ எழுதி ஒப்பேற்றினேன். இந்த வாரம் முடியவில்லை.

மிட்டு எங்கள் கீழ்வீட்டு பாபியின் கிளி; பாபி என்றால் இந்தியில் அண்ணி, தெருவே அவரை அப்படித்தான் கூப்பிடும். பச்சைக் கிளி இல்லை. காக்டீல் என்கிற வெளிநாட்டு ஜாதி. சாம்பல் உடம்பு, மஞ்சள் கொண்டை, இரண்டு கன்னத்திலும் மருதாணி வைத்த மாதிரி ஆரஞ்சுப் பொட்டு. பாபியின் வீட்டுக்காரர் இருந்தபோது, கடையை மூடிவிட்டு வந்து கேட்டருகே நின்று ஒரு விசில் அடிப்பார். கதவைத் திற என்று அர்த்தம். அதைக் கேட்டுக் கேட்டு மிட்டுவும் கற்றுக்கொண்டது. அவர் போய்விட்டார். இப்போது அந்த விசிலை அடிப்பதற்கு மிட்டுவை விட்டால் யாரும் இல்லை.

மகளுக்குப் பிரசவம் என்று பாபி பெங்களூர் கிளம்பினார். கூண்டைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"வேற யார்ட்டயும் குடுக்க மனசு வரல அக்கா. நீங்க பத்திரிகையில எழுதறவங்க. உங்களுக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரியாது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான், கிளியைப் பற்றி என்ன கண்டேன்? அதை அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் சொன்னது கேட்க நன்றாக இருந்தது...

மிட்டுவின் இறகு பளபளப்பே இல்லாமல் இருந்தது. வால் நுனி பிய்ந்த துடைப்பம் மாதிரி. சிறகை உதறினால் வெள்ளை வெள்ளையாகத் தூள் பறக்கும். கூண்டைச் சுற்றித் தரையெல்லாம் மாவு. பார்த்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது. பொடுகு! உடம்பு வறண்டிருக்கிறது. பாபி வருவதற்குள் ஆளை மினுமினுப்பாக்கிக் கொடுத்தால் எவ்வளவு சந்தோஷப்படுவார்?

வறட்சிக்கு நம் வீடுகளில் என்ன செய்வோம்? வெள்ளிக்கிழமையும் அதுவுமாக நல்லெண்ணெய் காய்ச்சினேன். குளிர்ச்சி ஏறிவிடக் கூடாது என்று இரண்டு மிளகும் போட்டேன். ஆறவைத்து, மிட்டுவைத் துண்டில் பிடித்து, உச்சந்தலையில் ஆரம்பித்து வால் வரை... அது கத்தியது. எந்தக் குழந்தைதான் எண்ணெய் வைக்கும்போது கத்தாமல் இருந்திருக்கிறது?

கொஞ்ச நேரத்தில் கத்தல் நின்றது. இறகெல்லாம் ஒட்டிப்போய், பாதி உடம்பாகச் சுருங்கி, கூண்டின் அடியில் உட்கார்ந்து நடுங்கியது. சித்திரை வெயிலில் நடுக்கம். துண்டோடு அள்ளிக்கொண்டு ஓடிப்போய் ஆட்டோ பிடித்தேன்.

அடையாறில் பறவை பார்க்கிற டாக்டர் சின்னப் பெண்தான். பேச்சு நறுக்கென்று இருந்தது.

"யார் எண்ணெய் தேய்ச்சது?"

"கிண்ணத்துல விழுந்திருச்சும்மா."

"தலையிலேர்ந்து வால் வரைக்கும் சமமா விழுந்துச்சா?"

நாய்க்குட்டியோடு வாசலருகே நின்றிருந்தவர் திடீரென்று இருமினார். சிரிப்பை மறைக்கிற இருமல். எனக்குத் தெரியாதா?

"நல்லெண்ணெய்... காய்ச்சினது" என்றேன். "ரெண்டு மிளகு போட்டு."

"மிளகா?"

"சளி பிடிச்சிடக் கூடாதேன்னு."

டாக்டர் பேனாவை மூடிவைத்தார். திட்டியிருந்தால் தேவலை. மெதுவாகச் சொன்னார்.

"அது பொடுகு இல்லம்மா. இந்தக் கிளி உடம்புலேர்ந்து தானா வர்ற பவுடர். இறகுக்கு அதான் ரெயின்கோட். அதை அழிச்சிட்டு எண்ணெயைப் பூசிட்டீங்க. இனிமே உடம்புச் சூடு நிக்காது. அலகால கோதினா எண்ணெய் வயித்துக்கும் போகும்."

"பொழைச்சிடுமா?"

"இன்னிக்கு ஒண்ணும் சொல்ல முடியாது."

வெதுவெதுப்பான தண்ணீரில், சொட்டு சோப்பு விட்டு, அலசி அலசி எடுத்தார்கள். விளக்குச் சூட்டில் பெட்டிக்குள் வைத்தார்கள். இறகு காய்ந்து நடுக்கம் நின்ற பிறகு டாக்டர் கேட்டார்: "என்ன சாப்பிடும்?"

"சூரியகாந்தி விதை."

"வேற?"

"அதேதான். அவங்க ஒரு டப்பா நிறைய குடுத்துட்டுப் போனாங்க."

"இறகு மங்கினதுக்கு அதாம்மா காரணம். தினம் வறுத்த முந்திரியை மட்டும் தின்னா நம்ம தலைமுடி என்ன ஆகும்? இறகு வளர்றது உள்ளேர்ந்து. மேல பூசி வராது."

ராத்திரி தாண்டியதும், இனி பயமில்லை என்று அனுப்பினார்கள்; வீட்டுக்கு வந்தோம். டாக்டர் சொன்னபடி விதையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, முருங்கைக்கீரை, துருவின கேரட், வேகவைத்த பூசணி. வாரத்தில் இரண்டு நாள் ஒரு துணுக்கு அவித்த முட்டை. எங்கள் வீட்டு அடுப்பில் முட்டை ஏறியதே இல்லை. அதற்கென்று தனிக் கிண்ணம் வாங்கி, ஜன்னலைத் திறந்துவைத்து அவித்தேன். பண்ணின காரியத்துக்கு இது ஒரு பெரிய தண்டனையா?

கேரட்டை எடுத்து எறிந்தது மிட்டு. எதிரே உட்கார்ந்து, இருக்கிற பல்லை வைத்து நானும் பச்சைக் கேரட்டைக் கடித்தேன். தலையைச் சாய்த்துப் பார்த்தது. அப்புறம் வந்து, தன் தட்டை விட்டுவிட்டு என் கையில் இருந்ததைக் கொத்தியது. காலை இளவெயிலில் தாம்பாளத்தில் கொஞ்சம் தண்ணீர் வைத்தால், தானே இறங்கிச் சிறகடித்துக் குளித்தது. குளிக்கத் தெரிந்தவனைப் பிடித்தா நான் குளிப்பாட்டினேன்?

ஆனால் விசில் மட்டும் வரவில்லை.

பாபி வீடியோ காலில் வருவார். "மிட்டுவைக் காட்டுங்க அக்கா." தூங்குகிறது என்றேன். அடுத்த தடவை, சாப்பிடுகிறது என்றேன். அதற்கடுத்த தடவை கரண்ட் இல்லை, இருட்டாக இருக்கிறது என்றேன்.

"உங்க தலைக்கு மேல ஃபேன் சுத்துதே அக்கா?"

போனைக் கவிழ்த்துவிட்டேன்.

கூச்ச சுபாவம், கூச்ச சுபாவம் என்று என்னைப் பற்றி நானே சொல்லிக்கொள்வேன். எண்ணெய் காய்ச்சுவதற்கு முன்னால் பாபிக்கு ஒரு போன் போட்டுக் கேட்க எனக்குக் கூச்சம். கேட்காமலே தேய்க்கக் கூச்சம் இல்லை! கூச்சம் என்று நான் நினைத்திருந்ததில் பாதி, எனக்கே தெரியும் என்கிற திமிர்தானோ? இந்த வயதில் இதைக் கண்டுபிடிப்பது நன்றாக இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பாபி வந்தார். பையைக்கூட வீட்டில் வைக்கவில்லை, நேராக மாடிக்கு. கூண்டின் முன்னால் நின்றார். மிட்டுவின் மார்பில் புது இறகு கொஞ்சம் முளைத்திருந்தது. முதுகில் இன்னும் இரண்டு இடம் சொட்டை மாதிரி. நான் தரையைப் பார்த்துக்கொண்டு, மூச்சு விடாமல், மிளகு உட்பட எல்லாவற்றையும் சொன்னேன்.

பாபி பையைக் கீழே வைத்தார். கூண்டுக்குள் கையை விட்டார். மிட்டு விரலில் ஏறியது. அவர் முகத்தைப் பார்த்தது. கொண்டையைத் தூக்கியது.

அப்புறம் அந்த விசில். கேட்டருகே நின்று அடிக்கிற அதே விசில்.

பாபி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் திரும்பி நின்று துடைத்துக்கொண்டேன். அவர் மிட்டுவை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார்.

"வெறும் விதையாப் போட்டு நான் பாதி கெடுத்தேன். மீதியை நீங்க பண்ணிட்டீங்க. விடுங்க அக்கா" என்றார். உதட்டில் லேசாகச் சிரிப்பு. "நல்லவேளை, உங்களுக்கு அந்த மட்டும் தோணிச்சே. சீயக்காய் போடாம விட்டீங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அன்றைக்கு வீட்டில் சீயக்காய் தீர்ந்துபோயிருந்தது. அதை எப்படிச் சொல்வேன்?