பார்சோப்பு வைத்து அடைத்த புகை

1964 மே 18, திங்கட்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடம். மழை பெய்வதாகவும் இல்லை, விடுவதாகவும் இல்லை. அப்போது என் மூக்கில் ஏறிய தீய்ந்த பார்சோப்பின் நெடி இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. அன்றைக்கு அக்காவின் கல்யாணம், மாப்பிள்ளை ஊரான வெள்ளறடைச் சபைக் கோயிலில் பத்து மணிக்கு. கொல்லயிலில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து எட்டரை மைல். அப்பாவின் டாக்ஸியில் நாங்கள் ஏழு பேர். எனக்கு வயது எட்டு.

எஞ்சினில் புகை வெளியேறும் வாய்களுக்கும் அதை வாங்கிக்கொள்ளும் இரும்புக் குழாய்க்கும் நடுவே ஒரு தகடு உண்டு. ஒர்க்‌ஷாப்பில் அதை ‘பேக்கிங்’ என்பார்கள். எங்கள் டாக்ஸியில் அது எரிந்துபோயிருந்தது. அப்பா புதிது வாங்கவில்லை. பெட்ரோல் டாங்க் ஒழுகினால் தேய்க்கும் பார்சோப்பையே இதிலும் அப்பி, ஆறு நட்டுகளையும் ஒரு ஓரத்தில் தொடங்கி மறு ஓரம்வரை முறுக்கிவிட்டார். டாங்க் குளிர்ந்து கிடப்பது, இது அடுப்பாய்க் கொதிப்பது என்று அவர் யோசிக்கவே இல்லை. கிளப்பியதும் ‘டிக் டிக்’ என்று கேட்கும், நான் எண்ணுவேன். "சூடானா சரியாவும் ஆக்கும்" என்பார் அப்பா. இரும்பு விரிந்து சத்தம் அடங்கும். புகை அடங்காமல், பெடல்கள் இறங்கும் ஓட்டை வழியாக உள்ளே வரும்.

"காத்து கிட்டட்டும்" என்று என்னை முன்னால், அம்மாவின் காலடியில், அந்த ஓட்டைக்கு நேராக உட்காரவைத்தார்கள். ஜன்னலோரம் இருந்தவர்கள் தப்பித்தார்கள். இரண்டாம் மைலில் ஒரு வாந்தி, எங்கள் பேச்சில் ‘சர்த்தி’, மூன்றாம் மைலில் இன்னொன்று; நான்காம் மைலில் திரும்பிப் பார்த்தபோது வந்தது அக்காவின் வெள்ளைச் சேலை ஓரத்தில் பட்டது. வழியிலிருந்த மாமி வீட்டில் என்னை இறக்கிவிட்டார்கள். கல்யாணம் நான் இல்லாமல் நடந்தது.

"அவனுக்கு வண்டி ஒத்துக்கிடாது" என்றாள் மாமி. அந்தத் தீர்ப்பு நிலைத்தது. அப்பா டாக்ஸியை விற்கும்வரை, வீட்டார் அக்காவைப் பார்க்கப் போன பதினொரு முறையும் நான் வீட்டுக் காவல். ஒருவராவது பானட்டைத் திறந்து பார்த்திருக்கலாம்.

போன மாதம் அக்கா படுத்துவிட்டாள், என்னைக் கேட்டாளாம். மகன் வாங்கியிருந்த பழைய காரில் கிளம்பினோம். இரண்டு கிலோமீட்டருக்குள் எனக்குக் குமட்டல். மகன் வண்டியைத் திருப்பிவிட்டான். "உங்களுக்குப் பண்டே ஒத்துக்கிடாதே. நீங்க வீட்டுல இருங்க, நாங்க போயிட்டு வாறோம்" என்றாள் மனைவி. எழுபது வயதில் மறுபடியும் வீட்டுக் காவல்!

மறுநாள் காலை, ஆறிக் கிடந்த எஞ்சினைக் கிளப்பச் சொன்னேன். ‘டிக் டிக்.’ தொண்ணூறு எண்ணுவதற்குள் அடங்கியது. அப்பாவின் டாக்ஸியில் கேட்ட அதே சத்தம். அறுபது வருடத்துக்கு மேலாக எல்லாரும் என் வயிற்றையல்லவா குறை சொன்னார்கள்!

பாறசாலை ஒர்க்‌ஷாப்பில் கழற்றினார்கள். மூன்றாவது வாயைச் சுற்றிப் புகை கசிந்த கரி.

"சாரே, பழசே மதி, புதுசு வேண்டாம். கொஞ்சம் பேஸ்ட் தேச்சா நிக்கும்" என்றார் மெக்கானிக்.

"சோப்பு இல்லியா?" என்று கேட்டேன். புதுத் தகடுதான் வேண்டும் என்றேன்.

புதிதில் இரண்டு வகை காட்டினார். அட்டை போன்றதை வாய்களின் மேல் வைத்துப் பார்த்தேன். நான்கு துளைகளில் இரண்டு சிறியவை, புகையை மறிக்கும். எஃகு அடுக்குத் தகடு நான்கிலும் பொருந்தியது. ஒட்டியிருந்த கரியைச் சுரண்டச் சொன்னேன். எட்டு நட்டுகளையும், தகடு ஒரு பக்கம் தூக்காமலிருக்க, நடுவிலிருந்து ஓரத்துக்கு, மூன்று சுற்றாக முறுக்கச் சொன்னேன். எஞ்சினைச் சூடாக்கி, ஆறவிட்டு, இன்னொரு சுற்று.

"சாரு முன்ன மெக்கானிக்கா?"

"இல்ல, சர்த்திச்சவன்."

வெள்ளறடைவரை என் வயிறு அசையவில்லை. கட்டிலில் கிடந்த அக்கா கண்ணைத் திறந்தாள். "எலே, வழியில எத்தன சர்த்தி?"

"ஒண்ணுமில்லக்கா."

"கள்ளம் சொல்லாத. தள்ளி உக்காரு, புதுச் சேலையாக்கும்."

தள்ளித்தான் உட்கார்ந்தேன்.

அந்த டாக்ஸி இல்லை, அப்பா இல்லை, மாமி வீடு இருந்த இடத்தில் இன்று பெட்ரோல் பங்க். தகடு அறுநூற்று நாற்பது, கூலி தொள்ளாயிரம். ஆக ஆயிரத்து ஐந்நூற்று நாற்பது ரூபாய், ஒரு கல்யாணம், பதினொரு பயணம்.