பின்வரிசையில் ஏழுமலை

டாலிகஞ்ச் காலனிக் கூடத்தில் பல வருடங்களாகக் காசு வாங்காமல் கராத்தே சொல்லித்தந்தார், ரயில்வே குமாஸ்தா கருப்பையா. லோட்ஷெட்டிங் என்று தினமும் கரண்டை நிறுத்தினாலும் வகுப்பு நிற்காது. மாணவர்கள் குத்துவிடும்போது போடும் சத்தத்தை வைத்தே இருட்டில் ஆளை அறிவார்.

1982 மழைக்காலத்தில் ஒரு மாலை, கரண்ட் போனதும் பின்வரிசையில் மாணவன் ஏழுமலையின் சத்தம் கேட்டது. அவன் மஞ்சள்காமாலையில் இறந்து ஒரு மாதமாகியிருந்தது. எல்லோரும் வாசலுக்கு ஓடினார்கள்.

"மாஸ்டர், ஏழுமலை அண்ணன்! நாங்க இனிமே வரமாட்டோம்!" என்று அலறினாள் மாணவி சுந்தரி.

இன்று கலைந்தால் வகுப்பு அவ்வளவுதான். கருப்பையா பின்வரிசை மூலையைப் பார்த்து வழக்கம்போல் அதட்டினார்.

"டேய் ஏழுமலை, குதிகாலைத் தூக்காதேன்னு எத்தனை தடவை சொல்றது?"

காலி மூலையில் ஒரு குதிகால் 'தொப்'பென்று தரையில் பதிந்தது.

"செத்தும் அண்ணன் திட்டு வாங்குறாரு!" நடுங்கிக்கொண்டே சிரித்துவிட்டாள் சுந்தரி.

ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். பின்வரிசையில் மட்டும் ஓர் ஆளுக்கு இடம் விட்டு நின்றார்கள்.