தப்புச் சத்தம் கேட்டால்: நமுனுகுல மலையில் ஒரு மழை நாள்

இது ஊர் சுற்றிப் பார்க்கப் போன பயணம் அல்ல. நமுனுகுலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் சித்தி மகள் செல்வி இருக்கிறாள். போன மழையில் அவள் குடியிருக்கும் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, மேலே மலையில் வெடிப்பு விழுந்துவிட்டது. அவளையும், மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல் கிடக்கும் அவள் புருஷன் முருகேசையும் கொழும்புக்கு அழைத்து வந்துவிடலாம் என்றுதான் கிளம்பினேன்.

பதுளையில் காலை எட்டரைக்கு பஸ். பசறை வழியாக நமுனுகுலவுக்கு முப்பது கிலோமீட்டர் சொச்சம். மண் சரிந்த இடங்களில் ஒற்றை வழி என்பதால் இரண்டரை மணி நேரம் ஆனது. ஜன்னல் சீட்டை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன். பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே போகிற தைரியம் எனக்குக் கிடையாது. அங்கிருந்து தோட்டத்துக்கு ஆட்டோவுக்கு எண்ணூறு ரூபாய்.

"மழ வந்தா நான் மேல வரமாட்டேங்க, நீங்கதான் எறங்கி வரணும்" என்று டிரைவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

லயத்துச் சுவரில் 'இங்கே குடியிருக்கக் கூடாது' என்று அறிவித்தல் ஒட்டியிருந்தது. உள்ளே செல்வி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். மலை வெடித்தபோது இவர்களைத் தங்கவைத்த பள்ளிக்கூடத்தில் பாடம் தொடங்கியதும் எல்லாரையும் அனுப்பிவிட்டார்களாம். வேறு எங்கே போவது என்று யாரும் சொல்லவில்லை.

"எங்கூட வந்துருடி" என்றேன்.

"வந்தா? லயத்துல இல்லாதவங்களுக்கு, இதுக்குப் பதிலா குடுக்கிற புது வீடு கெடைக்காதுன்னு பேசிக்கிறாங்கக்கா. அப்பறம் காலம் பூரா உங்க வீட்லயா இருக்கிறது?"



அங்கே போனுக்கு சிக்னல் கிடையாது. அதனால் லயத்து ஆட்களே ஓர் ஏற்பாடு செய்திருந்தார்கள். மழை பிடித்தால் ஒருவர் மேலே போய் வெடிப்பைப் பார்ப்பார். அது அகலமாகியிருந்தால் தப்பு மேளத்தை அடிப்பார். உடனே எல்லாரும் ரோட்டுக்கு ஓடிவிட வேண்டும்.

மதியத்துக்குப் பிறகு மழை பிடித்தது. கொஞ்ச நேரத்தில் தப்பு அதிர்ந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. செல்வி தேயிலைக் கொழுந்துச் சாக்குகளைச் சேர்த்துத் தைத்த விரிப்பில் முருகேசைப் புரட்டிப் போட்டாள். "தலப்பக்கம் புடிங்கக்கா!" என்று கத்தினாள். படியெல்லாம் சேறு. "என்ன விட்டுட்டு ஓடுங்க, விட்டுட்டு ஓடுங்க" என்று அவன் சொல்லிக்கொண்டே வந்தான். திரும்பி மலையைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

ரோட்டில் இறங்கினால், எதிரே சவ ஊர்வலம். பக்கத்துத் தோட்டத்தில் ஒரு பெரியவர் இறந்துபோயிருந்தார். நாங்கள் கேட்டது அவர்களுடைய சாவு மேளம்; எங்கள் ஏற்பாடு அவர்களுக்குத் தெரியாது. எங்கள் ஆட்களில் யாரோ திட்டினார்கள், யாரோ சிரித்தார்கள். நான் அழுதுவிட்டேன்.

இறந்தவருடைய மகன் விஷயத்தைக் கேட்டுக்கொண்டு, சாக்கில் நனைந்து கிடந்த முருகேசைப் பார்த்தார். கையைத் தூக்கி மேளத்தை நிறுத்தினார்.

"எங்கப்பா சத்தமில்லாமயே போகட்டுங்க. சாவு மேளம்தானேன்னு நீங்க பழகிட்டா, நெசமா அடிக்கிறப்ப எந்திரிக்க மாட்டீங்க."

ஊர்வலம் மழைச் சத்தத்தோடு மட்டும் நகர்ந்தது.

மழை விட்டதும் நாலு பேர் முருகேசை மறுபடியும் அதே லயத்துக்குத் தூக்கிப் போனார்கள். செல்வி ஈரச் சாக்கை உள்ளே வைக்காமல், அடுத்த தடவை கைக்கு எட்டும்படி வாசல் கதவிலேயே மாட்டினாள். நான் தனியாகத்தான் திரும்பினேன். இப்போது கொழும்பில் மழை பெய்தாலும் தூக்கம் கலைந்து எழுந்து உட்காருகிறேன்.

அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: மழை நாளில் போகாதீர்கள். திரும்பும் பஸ் நேரத்தைப் பதுளையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தப்புச் சத்தம் கேட்டால், யார் வீட்டில் சாவு என்று விசாரித்துக்கொண்டு நிற்காமல் ஓடுங்கள். அந்த ஊர்வலத்துக்குப் பிறகு அந்த மலையில் செத்தவர்களுக்கு யாரும் மேளம் அடிப்பதில்லை.